கல்யாணத் தீவைத் தாண்டிப் போன கப்பல்

கப்பலின் பின்பக்கத்து இரும்புக் கதவு மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஏற ஏற, வெளியே தெரிந்த வெளிச்சம் குறைந்தது. அந்த வெளிச்சத்தில் சீரோஸ் தீவின் துறைமுகம் தெரிந்தது. துறைமுகத்தில் எங்கள் ஐந்து பெட்டிகள் வரிசையாக நின்றன. பெட்டிகளுக்குப் பக்கத்தில் என் மனைவி கோமதியும், நண்பர் சேவியரின் மனைவி ரோஸ்லினும் நின்றார்கள்.

ரோஸ்லின் இரண்டு கைகளையும் ஆட்டி எங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கோமதி கூப்பிடவில்லை. நெற்றியில் ஒருமுறை அடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

கதவு மூடியது. தரை அதிர்ந்தது. லாரிகளுக்கும் கார்களுக்கும் நடுவே, டீசல் வாடையில், நானும் சேவியரும் நின்றோம்.

“சாரே, கப்பலு போவுது.”

“தெரியுதுவே.”

“நாம எறங்கலியே.”

“அதுவும் தெரியுது.”

“எனக்க மோளுக்க கல்யாணம் அந்தக் கரையிலயாக்கும்.”

அன்று மாலை ஆறு மணிக்கு அந்தத் தீவின் மலைமேல் இருக்கும் கத்தோலிக்கக் கோயிலில் சேவியரின் ஒரே மகள் அனிதாவுக்குத் திருமணம். பெண்ணைக் கைபிடித்து உள்ளே அழைத்துப் போகவேண்டிய அப்பா கப்பலுக்குள் இருந்தார். கட்டவேண்டிய தாலி என் கக்கத்தில் இருந்த நீல நிற ஃபைலுக்குள் இருந்தது. கப்பல் அடுத்த தீவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

இதற்கெல்லாம் காரணம் நான்தான் என்று இரண்டு குடும்பங்களும் இன்றுவரை சொல்கின்றன. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். தீர்ப்பை வாசகர்கள் சொல்லட்டும்.

கையெழுத்துக்காரன்

இந்தத் தொடரை இடையில் படிக்கத் தொடங்கியவர்களுக்காக: நான் அபுதாபியின் ருவைஸில் ஒரு ஆலையில் பர்மிட் ஆபீசராக இருந்து ஓய்வுபெற்றவன். வெல்டிங் வைப்பதா, தொட்டிக்குள் ஆள் இறங்குவதா, கிரேன் தூக்குவதா, எல்லாவற்றுக்கும் ஒரு சீட்டு உண்டு. அந்தச் சீட்டின் கடைசி வரியில் என் கையெழுத்து விழாமல் ஆலைக்குள் ஒரு போல்ட்டைக்கூடத் திருக முடியாது. போன வாரம் கேம்ப் மெஸ்ஸில் உப்பு வைப்பதற்கு நான் எழுதிய விதிமுறைகளைப் படித்துவிட்டு ஒரு வாசகி, “உங்கள் மனைவிக்கு என் அனுதாபங்கள்” என்று எழுதியிருக்கிறார். கோமதி அந்தக் கடிதத்தை வெட்டி வைத்திருக்கிறாள்.

சேவியர் கிரேன் ஓட்டியவர். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். அப்பா, தாத்தா எல்லாரும் மீன் பிடிக்க வள்ளத்தில் போனவர்கள். இவர் மட்டும் வானத்தில் தொங்கும் கொக்கியைப் பிடித்துக்கொண்டு பாலைவனத்துக்கு வந்துவிட்டார். ரோஸ்லின் ருவைஸில் நர்ஸ்.

இருபது வருடங்களுக்கு மேலாக ஒவ்வொரு நாள் காலையும் சேவியர் என் ஜன்னலுக்கு வந்து நிற்பார். நான் சீட்டை மூன்றுமுறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவேன். அதற்குப் பிறகுதான் அவர் நகர்வார். பெட்ரோல் பங்கில் என்னைப் பார்த்தாலும் ஒரு நொடி நின்று, நான் தலையாட்டிய பிறகுதான் வண்டியை எடுப்பார் என்று ரோஸ்லின் சொல்வார். கிண்டல்தான். முழுக் கிண்டல் இல்லை.

ஆலையில் என் பெயர் கெட்டதற்கு ஒரு பயிற்சி நாள் காரணம். சைரன் ஒலித்தால் எல்லாரும் கூடும் இடத்துக்கு வந்து நிற்கவேண்டும், நான் தலை எண்ணவேண்டும். ஆகஸ்ட் மாதம். ஒரு தலை குறைந்தது. எண்ணிக்கை சரியாகாமல் யாரையும் விடக்கூடாது என்பது விதி. விடவில்லை. மூன்று ஷிஃப்ட் ஆட்கள் வெயிலில் வேகிறார்கள். பாகிஸ்தான் பட்டான் ஒருவர், “பாய், ஜல்தி கரோ” என்று அவசரப்படுத்தியபடி தலையில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டார். கடைசியில் அந்தக் குறைந்த தலை அகப்பட்டது. லீவில் போய் நாகர்கோவிலில் உட்கார்ந்து ஆப்பம் தின்றுகொண்டிருந்தது. ஆள் ஆலைக்குள் இருப்பதாகக் காட்டும் அதன் கார்டை மட்டும் கேட்டில் யாரும் எடுக்கவில்லை.

என் மேல் தப்பில்லை. கார்டு உள்ளே இருந்தது.

தல்மா தீவில் விதைத்தது

எங்களுக்குக் கப்பல் பயணம் புதிதல்ல. ருவைஸுக்குப் பக்கத்தில் ஜபல் தன்னாவில் இருந்து தல்மா என்ற தீவுக்கு ஒரு படகு போகும். காரோடு ஏறிக்கொள்ளலாம். அனிதாவுக்கு அப்போது ஆறேழு வயது இருக்கும். ஒரு பெருநாள் விடுமுறையில் இரண்டு குடும்பமும் போனோம்.

கடல் தண்ணீர்த்தொட்டி போல அசையாமல் கிடந்தது. நான் எல்லாரையும் உயிர்காப்பு உடுப்பை மாட்டிக்கொள்ளச் சொன்னேன். ஆரஞ்சு நிறத்தில் ஐந்து பேர், பிஸ்கட் பொட்டலம் மாதிரி, வரிசையாக உட்கார்ந்தோம். எதிரில் ஒரு அரபுக் குடும்பம். குழந்தைகள் முதலில் எங்களைப் பார்த்துச் சிரித்தன. பிறகு அவர்களின் அப்பா எங்களையும் கடலையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்து போய்த் தன் குடும்பத்துக்கும் உடுப்பு எடுத்து வந்தார். அதைப் பார்த்து அடுத்த வரிசை எழுந்தது. கால் மணி நேரத்தில் கப்பல் முழுக்க ஆரஞ்சு நிறம். ஒரு அம்மா ஓதத் தொடங்கிவிட்டார்.

கேப்டனே இறங்கி வந்து, “மாஃபி முஷ்கிலா, மாஃபி முஷ்கிலா” என்று ஒவ்வொரு வரிசையாகக் கும்பிடாத குறையாகக் கெஞ்சினார். பிரச்சினை எதுவும் இல்லையாம். யாரும் நம்பவில்லை.

அன்று கப்பலை விட்டு இறங்க மாட்டேன் என்று அழுத ஒரே ஆள் அனிதா. கப்பல் என்றால் இவ்வளவு வேடிக்கை என்று நினைத்துவிட்டாள். பிறகு கப்பல் கட்டும் படிப்பே படித்தாள். கிரேக்க நாட்டில் பிரேயஸ் துறைமுகத்தில் ஒரு கப்பல் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே கூட வேலை பார்த்த லியோ என்ற பையனைப் பிடித்துப்போனது. பையன் சீரோஸ் தீவுக்காரன்.

“கிரேக்கன்னா வேற சபைல்லா?” என்று சேவியர் முதலில் பயந்தார். அந்தத் தீவில் பாதிப் பேர் கத்தோலிக்கர்கள் என்று தெரிந்ததும், “அப்பம் நம்ம ஆளுதான்” என்று ஏற்றுக்கொண்டார். ஆனாலும் மனத்தாங்கல் வரும்போதெல்லாம் என்னைப் பார்த்துச் சொல்வார்:

“எல்லாம் அந்த ஆரஞ்சுச் சட்டையால வந்த வினையாக்கும் சாரே.”

ரசீது கேட்ட நேரம்

இனி அந்தக் காலைக்கு வருகிறேன்.

பிரேயஸில் ஏழரை மணிக்குக் கப்பல் ஏறினோம். நான்கு பேரின் பாஸ்போர்ட்டும் என் ஃபைலில். நான் கேட்டு வாங்கவில்லை. அபுதாபி விமான நிலையத்திலேயே சேவியர் தன் பாஸ்போர்ட்டைத் தானாக என்னிடம் நீட்டினார். கேம்ப்பில் பல வருடம் இருந்தவர்களுக்குத் தங்கள் பாஸ்போர்ட் தங்கள் சட்டைப் பையில் இருந்தால் ஒரு சங்கடம். அது கம்பெனி வாங்கி ஆபீஸ் மேஜைக்குள் பூட்டிவைக்கவேண்டிய பொருள் அல்லவா? தாலியையும் ரோஸ்லின் என்னிடமே கொடுத்தார்.

“இவருக்க கையில குடுத்தா எங்கேயாவது வச்சிட்டு மறந்துருவாரு. சாருகிட்ட இருந்தா பேங்கில இருக்க மாதிரி.”

ஒப்படைப்புச் சீட்டு எழுதினேன். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம்.

அனிதா முந்தின நாளே சீரோஸ் போய்விட்டாள். என் போனுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாள். “அங்கிள், கப்பல்ல அனவுன்ஸ் பண்ணின உடனே எல்லாரும் கீழே கார் நிக்கிற இடத்துக்குப் போயிடுங்க. கதவு திறந்ததும் இறங்கணும். அஞ்சு நிமிஷம்தான் நிக்கும். ப்ளீஸ் அங்கிள், ரூல்ஸ் எல்லாம் பாக்காதீங்க.”

வாய்மொழி உத்தரவு. எழுத்தில் இல்லை. மேலும், ஓடுகிற கப்பலில் வண்டிகள் நிற்கும் தளத்துக்குப் பயணிகள் போகக்கூடாது என்று சுவரில் கிரேக்கத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியே வைத்திருந்தார்கள். எழுதி வைத்த விதியை நம்புவதா, கல்யாணப் பெண்ணை நம்புவதா?

அறிவிப்பு வந்தது. கப்பல் முழுக்க எழுந்து ஓடியது. நான் மட்டும், “உட்காருங்க. கப்பல் கட்டின பிறகு எந்திரிப்போம்” என்றேன்.

கோமதி ரோஸ்லினைப் பார்த்தாள். ரோஸ்லின் கோமதியைப் பார்த்தார்.

“பாத்ரூம் போயிட்டு வாரோம்” என்றாள் கோமதி. இரண்டு பேரும் கைப்பைகளோடு போனார்கள். பெண்கள் கைப்பையோடுதான் போவார்கள் என்று நானும் சந்தேகப்படவில்லை. நேராகக் கீழே போய், பெட்டிகளை எடுத்துக்கொண்டு, கதவு திறந்ததும் தீவில் இறங்கிவிட்டார்கள். முப்பத்தைந்து வருடமாக என்னோடு குடித்தனம் செய்பவளுக்கு என்னை எப்படித் தாண்டிப் போகவேண்டும் என்று தெரியும்.

சேவியருக்குத் தெரியவில்லை. என் பக்கத்தில் நின்றார்.

கப்பல் நின்றது. நான் எங்கள் இருக்கைகளுக்குக் கீழே ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்தேன். யாரோ ஒரு குழந்தையின் துணி யானை கிடந்தது. கண்டெடுத்த பொருளை அப்படியே விட்டுப்போக முடியுமா? கப்பல் அலுவலரின் மேஜைக்குக் கொண்டுபோனேன். அவர் நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார். நான் ரசீது கேட்டேன்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். “ஐயா, நீங்கள் எங்கே இறங்கவேண்டும்?”

“சீரோஸ். முதலில் ரசீது.”

“சாரே…” என்றார் சேவியர்.

“இரும்வே. ஒரு நிமிஷம்.”

அவர் இருந்தார். அவருக்கு வேறு வழியும் இல்லை. தாலி என் ஃபைலில்.

ரசீது கிடைத்தது. இன்னும் வைத்திருக்கிறேன். “ஒரு யானை, சாம்பல் நிறம்.” கீழே போகும் படிக்கட்டுக்கு நாங்கள் வந்தபோது, புதிதாக ஏறியவர்கள் கூட்டமாக மேலே வந்துகொண்டிருந்தார்கள். மேலே வருபவர்களுக்கு வழிவிட வேண்டும். விட்டேன். மீதியை முதலிலேயே எழுதிவிட்டேன்.

மணல் இல்லாத ஷமால்

அடுத்த தீவின் பெயர் தீனோஸ். முக்கால் மணி நேரத்தில் எங்களை இறக்கிவிட்டு, “மூன்று மணிக்கு இதே கப்பல் திரும்பி வரும், இதே வழியாகத்தான் போகும்” என்று சொல்லிவிட்டு மாலுமி கதவை மூடினான். மூன்று மணிக்கு ஏறினால் நான்கு மணிக்குள் சீரோஸ். கல்யாணம் ஆறு மணிக்கு. நான் நிம்மதியாகச் சட்டையைச் சரிசெய்துகொண்டேன்.

சேவியர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

காற்று அப்போதுதான் வேகம் பிடித்திருந்தது. வளைகுடாவில் ஷமால் என்ற வடகாற்று அடிக்கும்போது கண், மூக்கு, சோறு எல்லாவற்றிலும் மணல் இருக்கும். இங்கே மணல் இல்லாத ஷமால். வானம் துடைத்த மாதிரி நீலமாக இருக்கிறது, காற்று மட்டும் ஆளைத் தள்ளுகிறது. கடையின் நாற்காலி ஒன்று தானாக ரோட்டைக் கடந்து போனது.

“சாரே, இந்தக் காத்துக்கு அவ்வளவு பெரிய கப்பல இங்கன கரையில பின்னோக்கி அடுப்பிக்க முடியாது பாத்துக்கிடுங்க.”

“அட்டவணையில மூணு மணின்னு போட்டிருக்குவே.”

“அட்டவணைய காத்து வாசிச்சிருக்குமா?”

டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குப் போனேன். மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். கப்பல் நிச்சயம் வருமா என்று கேட்டேன். வரும், ஆனால் கரைக்கு அணைய முடிந்தால்தான் அணையும், இல்லையென்றால் அப்படியே போய்விடும், அடுத்தது நாளைக் காலைதான் என்றார். அணைவதா இல்லையா என்று தீர்மானிக்க என்ன நடைமுறை, அதை எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். விரலால் கடலைக் காட்டினார். “அதைப் பார்ப்போம். அதுதான் நடைமுறை.”

நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அத்தனை கவலையிலும் சேவியர் சிரித்துவிட்டார். “எங்க ஊருக்காரி மாதிரி பேசுதாவளே!”

செத்த பித்தான்

இதற்குள் நான் கோமதிக்கு நான்கு செய்திகள் அனுப்பியிருந்தேன். இருக்கும் இடம், நேரம், காரணம், அடுத்த நடவடிக்கை என்று தலைப்புப் போட்டு. சேவியரும் ரோஸ்லினுக்கு அனுப்பினார். பேசினால் ஒரு நிமிட வேலை. எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை. எமிரேட்டில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், பேச முடியாது. அந்தப் போன் படம் போட்ட பித்தான் அங்கே செத்த பித்தான். இத்தனை வருடமாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்து விட்டுவிட்ட விரல், ஊர் மாறிவிட்டது என்பதை ஒப்புக்கொள்ளவில்லை.

மூன்றரைக்குப் போன் தானாக அடித்தது. பாம்பைப் பார்த்த மாதிரி அதைப் பார்த்தேன். திரையில் கோமதியின் முகம்.

“அமுக்குனா போகுதுங்க! எங்க நிக்கிய ரெண்டு பேரும்?”

“செய்தி அனுப்பியிருக்கேனே, படிக்கலியா?”

“தலைப்பு வரைக்கும் படிச்சேன். சேவியர் அண்ணன்கிட்ட குடுங்க.”

சேவியர் வாங்கினார். திரையில் இப்போது ரோஸ்லின். தலையில் பாதி மல்லிகை. சாதாரணமாக நர்ஸுகள் நோயாளியின் உறவினரிடம் பேசும் குரல் ஒன்று உண்டு. நிதானமாக, அழுத்தமாக. அந்தக் குரலில் சொன்னார்:

“இஞ்ச பாருங்க. சாமியாருக்கு ஏழு மணிக்கு வேற திருப்பலி உண்டு. ஆறுன்னா ஆறுதான். பிள்ள அழுதுட்டு இருக்கா, நான் சொன்னதா காட்டிக்கிடாதீங்க. நீங்க வரலன்னா நான் கைபிடிச்சி உள்ள கொண்டு போவேன். தாலிக்குப் பதிலா மோதிரம் மட்டும் போதும்னு சாமியார் சொல்லிட்டாரு. கல்யாணம் நிக்காது. கேட்டேளா? நீங்க பதறாதீங்க.”

“சரி,” என்றார் சேவியர். போனை என்னிடம் கொடுத்தார்.

நாலு மணி ஆனது. கப்பல் வரவில்லை. காத்திருந்த கூட்டத்தில் சிலர் பெட்டியை இழுத்துக்கொண்டு விடுதி தேடிப் போய்விட்டார்கள். நாங்கள் ஒரு சுவரோரம் உட்கார்ந்தோம். சேவியர் பேசினார். கோபமே இல்லாமல் பேசினார். அதுதான் தாங்க முடியவில்லை.

“அவ பிறந்த அன்னிக்கு ஷட்டவுன் டூட்டி. நீங்கதான் பர்மிட்ட ஆறு மணி நேரம் நீட்டிப் போட்டீங்க, ஞாபகம் உண்டா? கோயில்ல மொத நற்கருணை வாங்கி புதுநன்மை எடுத்த அன்னிக்கும் டூட்டி. பட்டம் வாங்கின அன்னிக்கு நான் கிரேனுக்க மேல, ஒங்களுக்க கையெழுத்துக்காக வாக்கி டாக்கியப் பிடிச்சிட்டு இருக்கேன். இன்னிக்கும் பாருங்க, ஒங்களுக்க பக்கத்திலதான் இருக்கேன்.”

நான் போட்ட கையெழுத்துகள் லட்சத்தைத் தாண்டும். ஒவ்வொன்றும் சரியான கையெழுத்து. அவற்றில் எதுவும் அந்த நேரத்தில் எனக்குக் கைகொடுக்கவில்லை.

என் முழங்காலில் ஒரு நேர்ச்சை

அந்தத் துறைமுகத்தில் இருந்து மேலே ஒரு மாதா கோயிலுக்கு நேர் ரோடு போகிறது. ரோட்டோரத்தில் ஒரு நீளக் கம்பளம் விரித்திருக்கிறார்கள். வேண்டுதல் உள்ளவர்கள் துறைமுகத்தில் தொடங்கிக் கோயில்வரை அந்தக் கம்பளத்தில் முழங்காலால் ஏறிப் போகிறார்கள்.

சேவியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “வேளாங்கண்ணியில மணல்ல முட்டி போட்டுப் போவாவ இல்லியா, அதே மாதிரியாக்கும்!” உடனே செருப்பைக் கழற்றினார். பிறகு தன் வலது முழங்காலைப் பார்த்தார். அதில் போன வருடம்தான் அறுவைசிகிச்சை நடந்திருந்தது. மெதுவாக என் முழங்காலைப் பார்த்தார்.

“சாரே.”

“என்னவே அப்படிப் பாக்கீரு?”

“ஒங்களுக்க முட்டி நல்லாத்தானே இருக்கு?”

“நான் சைவன்வே! நெல்லையப்பர் கோயில்லயே உருண்டது கிடையாது.”

“மாதாவுக்கு அதெல்லாம் கணக்கில்ல.”

“வேண்டுதல் நிறைவேறின பிறகுதானே செலுத்தணும்? முறைன்னு ஒண்ணு இருக்குல்லா?”

“நேர்ச்சைன்னா பொறவு. இது தண்டனையாக்கும். தண்டனைய மொதல்ல செய்யலாம்.”

விதிமுறையில் அவர் என்னை மடக்கியது அதுவே முதல்முறை. நான் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கம்பளத்தில் முழங்காலிட்டேன்.

முதல் பத்தடி சுலபம். அதற்குப் பிறகு கம்பளத்துக்குக் கீழே உலகம் எவ்வளவு கெட்டி என்று தெரிந்தது. சேவியர் என் பக்கத்தில் நடந்து வந்தார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அச்சு அசலாக நான் ஆலையைச் சுற்றிவரும் தோரணையில். “வலது பக்கம் ஒதுங்குங்க சாரே, ஒரு அம்மச்சி வாறாவ.”

கறுப்பு உடை உடுத்த ஒரு கிழவி என்னை முந்தினார். முந்தியவர் நின்று, என் கால்சட்டையைப் பார்த்து, நாக்கைச் சப்புக் கொட்டினார். தன் முழங்காலில் கட்டியிருந்த பஞ்சுப் பட்டைகளில் ஒன்றை அவிழ்த்து என்னிடம் நீட்டினார். வேண்டாம் என்றேன். அதட்டினார். கட்டிக்கொண்டேன். அந்த அம்மாளுக்கு இடது முழங்காலிலும் எனக்கு வலது முழங்காலிலுமாக இன்னும் ஒரு இருபதடி போயிருப்போம்.

அப்போது துறைமுகம் பக்கமிருந்து ஊதல் சத்தம். தீவுமுனையைச் சுற்றிக்கொண்டு கப்பல் வந்துகொண்டிருந்தது.

“பாத்தேளா!” என்று சேவியர் கத்தினார்.

“அந்தக் கப்பல் அடுத்த தீவை விட்டுக் கிளம்பி அரை மணி நேரமாவது இருக்கும்வே. நான் முட்டி போடுறதுக்கு முன்னாலேயே கிளம்பியாச்சு.”

“நீங்க முட்டி போடப் போறது மாதாவுக்கு மொதல்லயே தெரியாதா?”

பட்டையைக் கிழவியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓடினேன்.

கட்டாத கப்பல்

கப்பல் திரும்பி, பின்பக்கத்தைக் கரைக்குக் காட்டிக்கொண்டு வந்தது. காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளியது. கரைக்குப் பத்து மீட்டர் இருக்கும்போது நின்று, முன்னால் நகர்ந்து, விலகிப் போனது. கூட்டம் மொத்தமாக, “ஓ” என்றது. நேரம் ஐந்து ஆகப்போகிறது.

“போயிட்டான்,” என்றேன்.

“போவமாட்டான். நங்கூரத்த மாத்திப் போடப் போறான். காத்து அடிக்கிற பக்கத்தில கொஞ்சம் விட்டுப் பிடிப்பான்.” சேவியர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கிரேன் கொக்கியைப் பார்ப்பது போலக் கப்பலைப் பார்த்தார். “ஆமா… அப்படித்தான்… விடு… விடு… இப்பம் வா.”

வந்தது. இரும்புக் கதவு கரையைத் தொட்டு, கிறீச்சிட்டு உராய்ந்தது. கயிறு கட்டவில்லை. கதவு ஒரு முழம் எழும்பி எழும்பி இறங்குகிறது. உள்ளே இருந்து மாலுமிகள், “ஏலா! ஏலா!” என்று கத்தினார்கள். “வா” என்று அர்த்தமாம். எங்கள் ஊரில் பொடியன்களைத்தான் ‘ஏலே’ என்று கூப்பிடுவார்கள். அறுபது தாண்டிய திருநெல்வேலிக்காரனை அப்படிக் கூப்பிட்டால் சாதாரணமாக நான் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

கூட்டம் ஓடி ஏறியது. நான் கதவின் விளிம்பில் நின்றுவிட்டேன்.

கட்டாத கப்பலில் ஏறக்கூடாது. இதே தப்புக்காக ஆலையின் படகுத்துறையில் ஒருவனை நான் ஒரு வாரம் வேலையை விட்டு நிறுத்தியிருக்கிறேன். கால் எழவில்லை. பயம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். பயம்தான்.

சேவியர் ஒருமுறை என்னைப் பார்த்தார். ஒரு நொடி. தலையாட்டுவதற்குக் காத்திருக்கவில்லை. “சாரே, நான் போறேன். ஃபைலத் தாங்க” என்று கையை நீட்டினார்.

நான்கு பாஸ்போர்ட், ஒரு தாலி, பதினொரு சான்றிதழ்கள், ஒரு யானை ரசீது. எல்லாவற்றையும் எந்தக் கையெழுத்தும் வாங்காமல் அவரிடம் கொடுத்தேன். அவர் கதவு தாழும் நேரம் பார்த்து ஒரே எட்டில் ஏறிவிட்டார். வள்ளத்தில் ஏறின வம்சம். அங்கிருந்து திரும்பி என்னைப் பார்த்துக் கத்தினார்:

“இப்பம் வேண்டாம்… நில்லுங்க… வேண்டாம்… இப்பம் சாடும்வே!”

இத்தனை வருடம் ‘சாரே’ என்றவர் என்னை, ‘வே’ என்று சொல்லிவிட்டார். சாடினேன். ஒரு மாலுமி என் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டான்.

மேலே போகவில்லை. லாரிகளுக்கு நடுவே, பயணிகள் நிற்கக்கூடாது என்று எழுதிய பலகைக்குக் கீழேயே, முக்கால் மணி நேரமும் கதவைப் பார்த்தபடி நின்றோம். மாலுமி வந்து மேலே போகச் சொன்னான். எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று தமிழில் சொன்னேன்.

நடுவழி

சீரோஸில் கதவு பாதி இறங்கும்போதே நாங்கள் வெளியே. மணி ஐந்தே முக்கால். லியோவின் தம்பி காரோடு நின்றான். கார் மலையின் பாதிவரைதான் போகும். அதற்கு மேல் கல்படிகள், வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே வளைந்து வளைந்து. அறுவைசிகிச்சை முழங்காலும் தேய்ந்த முழங்காலும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஏறின.

கோயில் மணி அடிக்கத் தொடங்கிவிட்டது.

வாசலில் அனிதா. வெள்ளைப் பட்டுப்புடவை. அவள் வலது கையை ரோஸ்லின் தன் கையோடு கோத்துப் பிடித்திருந்தார். ஒரு காலை உள்ளே எடுத்து வைத்தாயிற்று. சேவியர் வந்து நின்றார். சட்டையில் கப்பல் கிரீஸ், தலைமுடியில் உப்பு, மூச்சு வாங்கியது. ஃபைலைத் திறந்து தாலிப் பெட்டியை எடுத்து, தட்டு வைத்திருந்த கோமதியிடம் நீட்டினார்.

அனிதா அப்பாவின் சட்டைக் கிரீஸைத் தன் முந்தானையால் துடைக்கப் போனாள். ரோஸ்லின் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

“பட்டாக்கும்!”

பிறகு சேவியரைப் பார்த்தார். கை கோத்திருந்ததை விடவில்லை.

“மணிக்கூர் கணக்கா இவளத் தேத்திக் கொண்டு வந்து நிறுத்தியிருக்கேன். நீங்க வந்துட்டீங்கன்னு நான் இப்பம் மாறி நிக்க மாட்டேன்.”

“மாறண்டாம்,” என்றார் சேவியர். “எனக்கு அந்தப் பக்கத்துக் கைய மட்டும் தா.”

மூன்று பேரும் சேர்ந்து நின்றார்கள். நான் உள்ளே பார்த்தேன். பழைய கோயில். இரண்டு பக்கமும் மரப் பெஞ்சுகள். நடுவழியின் அகலத்தைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது: இரண்டு பேர் போகலாம். மூன்று பேர் போக முடியாது. அதிலும் ஒரு பட்டுப்புடவை, ஒரு காஞ்சிபுரம். முன்னும் பின்னுமாகப் போகவேண்டும், அல்லது ஒருவர் விலகவேண்டும்.

கோமதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “என்ன? சொல்லணும்னு வாய்வரைக்கும் வருதா?”

“ஒண்ணுமில்லை.”

ஆர்கன் தொடங்கியது. மூன்று பேரும் உள்ளே போனார்கள். நான்காவது பெஞ்சிலேயே ரோஸ்லினின் இடுப்பு இடித்தது. அந்தப் பக்கம் சேவியர் ஒரு கிரேக்கப் பாட்டியின் மடியில் உட்காராத குறை. கையை மட்டும் யாரும் விடவில்லை. மூன்று பேரும் அப்படியே பக்கவாட்டில் திரும்பி, ஒருவர் பின் ஒருவராக, நண்டு மாதிரி நகரத் தொடங்கினார்கள். முதலில் லியோ சிரித்தான். பிறகு பாட்டி. பிறகு கோயில் முழுக்க. ஆர்கன் வாசித்தவர் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்ததில் பாட்டு ஒரு இடத்தில் தடுக்கியது.

அனிதா சிரித்த சிரிப்பில் அவளால் நடக்க முடியவில்லை. பாதி வழியில் நின்றுவிட்டாள். இரண்டு பக்கமும் அம்மாவும் அப்பாவும் அவள் சிரித்து முடிக்கும்வரை காத்துக்கொண்டு நின்றார்கள்.